வின்ச் அண்ணாச்சியும் பிரேக் மதினியும்

இந்தப் பம்பாயில் என் உடம்பை மனதார மதித்த ஒரே மனிதர் வின்ச் அண்ணாச்சிதான். மற்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டாக்டர் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார். லோக்கல் ரயிலில் நாலாவது சீட்டுக்காக நான் நெருங்கினாலே உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்து விடுவார்கள். அண்ணாச்சி மட்டும் என்னை முதல் நாள் பார்த்தபோதே, தங்கக் கட்டியைப் பார்த்தவர் போல் நின்றுவிட்டார்.

தாராவியில் அந்தச் சந்துக்கு நான் குடிவந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். லுங்கியும் தோல் கையுறையுமாக ஒல்லியான ஒருவர் குறுக்கே வந்து நின்றார்.

"என்ன எட இருப்பீரு?"

"தொண்ணூத்தி நாலு" என்றேன், ஏதோ ரேஷன் கார்டு விசாரணை என்று நினைத்து.

"ஏறும், ஏறும்! பாலு எங்கயும் ஓடிராது" என்று என்னைப் பிடித்துத் தள்ளி ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஏற்றிவிட்டார். அங்கே மசாலாக் கடை காதர் பாயும், வண்டியின் சொந்தக்காரரும், இன்னும் நாலைந்து கனத்த ஆசாமிகளும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். காதர் பாய் நகர்ந்து இடம்கொடுத்து, "புது ஆளா? கம்பியப் பிடிச்சுக்கிடுங்க, கொஞ்சம் குலுங்கும்" என்றார். எதற்கு ஏறினோம் என்று தெரியாமலே நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகுதான் விளங்கியது. அண்ணாச்சி பிக்கப் வண்டிகளுக்கு வின்ச் பொருத்துகிறவர். முன் பம்பரில் ஓர் இரும்பு டிரம், அதைச் சுற்ற ஒரு மோட்டார், டிரம்மில் இருபத்தைந்து மீட்டர் கம்பிக் கயிறு. மழைத் தண்ணீரில் நின்றுபோன கார், பள்ளத்தில் இறங்கிய ஆட்டோ எதுவானாலும் கொக்கியை மாட்டிச் சுவிட்சை அமுக்கினால் இழுத்துவிடும். ஆனால் கயிற்றை டிரம்மில் தளர்வாகச் சுற்றி வைத்திருந்தால் கதை கந்தல். பாரம் இழுக்கும்போது மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும். அப்புறம் முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. அதனால் சுற்றும்போதே பாரம் வேண்டும் என்பது அண்ணாச்சியின் சட்டம்.

அவர் முறை இதுதான். சந்தின் முனையில், மூடிக் கிடக்கும் தோல் கிடங்கு வாசலில் ஓர் இரும்புத் தூண். கொக்கியை அதில் மாட்டி, டிரம்மில் பத்துச் சுற்றை மட்டும் விட்டுவிட்டு மிச்சக் கயிறு முழுவதையும் நீட்டுவார். கயிற்றின் மேல் ஒரு நனைந்த சாக்கைப் போடுவார், அறுந்தால் சீறி அடிக்காமல் இருக்க. வண்டியை நியூட்ரலில் போட்டு, மேலே எங்களை ஏற்றி, சுவிட்சை அமுக்குவார். வண்டி தன்னைத்தானே தூணை நோக்கி இழுத்துக்கொண்டு ஊர்ந்து வரும். கயிறு ஒன்றோடு ஒன்று ஒட்டி, முறுக்காக டிரம்மில் ஏறும்.

"ஆளுங்களுக்குப் பதிலா மூட்டைய ஏத்தலாம்லா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூட்டைய ஏத்த எறக்க ஆளு வேணும்வே. ஆளுக அதுவா ஏறி, அதுவா எறங்கிரும்" என்றார். இதற்கு மேல் எந்த என்ஜினியரும் பேச முடியாது.

சுற்றி முடித்ததும் எங்களை எல்லாம் இறக்கி, வரிசையாக நிற்க வைத்து டிரம்மைக் காட்டுவார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைக் காட்டுவது போலத்தான். நாங்களும் "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால், எங்கே இடைவெளி தெரிகிறது என்று கேட்டுக் குடைந்துவிடுவார்.

டாக்டரின் தொல்லையால் நான் சயான் பக்கம் தினமும் காலையில் நடந்து நாலு கிலோ குறைந்தபோது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "நாலு கிலோவ எங்கவே தொலச்சீரு? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீரா?" என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டார். டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். "டாக்டருக்குக் கயித்தப் பத்தி என்ன தெரியும்?" என்றார். என் மனைவி மாடியிலிருந்து இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வயரிங்கிலும் அப்படித்தான். ஒரு வண்டிக்காரர் தன் மச்சான் கையாலேயே வின்ச்சுக்கு கனெக்ஷன் கொடுத்துக்கொண்டு வந்து, சுவிட்சை அமுக்கினால் புகை வருகிறது என்றார். மச்சான் ஹெட்லைட் ஒயரிலிருந்து கரண்ட் எடுத்திருந்தான். அண்ணாச்சி அந்த ஒயரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துச் சந்து முழுக்கக் காட்டினார். "கல்யாணப் பந்திக்கு டீ ஸ்பூன்ல சாம்பார் ஊத்திருக்கான் பாருங்க! பேட்டரியில இருந்து நேரா வரணும்வே, பெருவிரல் தண்டிக்கு ஒயரு வரணும். சூடு மிஞ்சுனா கரண்ட நிறுத்த நடுவுல ஒரு கட்அவுட்டு சுவிட்சு வேணும். காலிபீலி, சும்மா விளையாட்டா இது?" அந்த மச்சான் அதற்குப் பிறகு எங்கள் சந்துக்குள் வந்ததாகத் தெரியவில்லை.

இத்தனை தெரிந்த மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பானெட்டுக்குள் இடுப்பு வரைக்கும் இறங்குவார், வண்டிக்கு அடியில் படுப்பார், ஸ்டீயரிங் பக்கம் மட்டும் போனதே இல்லை. அங்கே உட்கார வேறொருவர் இருந்தார். அவர் மனைவி. எங்களுக்கெல்லாம் பிரேக் மதினி.

கயிறு முறுக்காக ஏற வேண்டுமென்றால் எங்கள் கனம் மட்டும் போதாது. டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை லேசாக உரசிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டிக்காரர்களை அண்ணாச்சி அந்த சீட்டில் விடமாட்டார். "டிரைவர் காலுக்கு ஓடத் தெரியும், நிக்கத் தெரியும். நிக்காம நிக்கத் தெரியாது" என்பார். மதினிக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தக் கால் இருக்கிறதே, அது வேறு. வாரா வாரம் வண்டி மாறும், சொந்தக்காரர் மாறுவார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறுவது மட்டும் மதினிதான். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான்.

அந்த அரை மணி நேரமும் அண்ணாச்சி போடும் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும்.

"ஏட்டி, அமுக்கு! போதும், விடு, விடு! இந்தா, கயிறு தளருது பாரு! கண்ணு எங்க இருக்கு ஒனக்கு? பாத்து அமுக்குட்டி!"

மதினி ஒரு வார்த்தை பேசமாட்டார். நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு தடவை, அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிக் குரல் எழும்பாமல் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, கயிறு கோணல்மாணலாக ஏறிவிட்டது. அண்ணாச்சி கையை ஆட்டி ஆட்டிக் குதித்தார். மதினி இறங்கிப் போய் மிளகு தட்டிப் போட்ட வெந்நீரைக் கொண்டுவந்து நீட்டி, "மொதல்ல தொண்டையச் சரி பண்ணுங்க. கயித்த அடுத்த வாரம் பாப்போம்" என்றார். அன்றைக்கு வண்டியின் மேலிருந்த நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

போன வருஷம் தீபாவளி முடிந்து பத்து நாளில் மதினி போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தார், மூன்றாம் நாள் இல்லை. என்னால் இன்றைக்கும் இதை இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை.

அண்ணாச்சி பதினாறு கழிந்ததும் கடையைத் திறந்தார். வயரிங் பார்த்தார், பம்பரில் துளை போட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களை யாரும் கூப்பிடவில்லை. நான் வேண்டுமென்றே அவர் கடை வழியாகப் பால் வாங்கப் போனேன். தலையை நிமிர்த்தாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு சுற்ற வேறு எங்கோ இடம் பிடித்துவிட்டார் போல என்று நானும் காதர் பாயும் பேசிக்கொண்டோம். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜூன் முதல் மழையில் விஷயம் வெளியே வந்தது. செல்வின் என்று ஓர் இளவட்டம், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், பிக்கப் வைத்து ரிப்பேரான வண்டிகளை இழுத்துப் பிழைப்பவன். ஏப்ரலில்தான் அண்ணாச்சியிடம் வின்ச் மாட்டியிருந்தான். சுனாபட்டிப் பக்கம் தண்ணீரில் மாட்டிய ஓர் ஆட்டோவை இழுத்திருக்கிறான். பாதி வந்ததும் கயிறு டிரம்முக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. ஆட்டோ நடுத் தண்ணீரில், ஆட்டோக்காரர் உள்ளே, தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் நாலு பேர் இறங்கி ஆளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். கயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் செல்வின் வண்டியோடு கடை வாசலில் வந்து நின்றான். நானும் காதர் பாயும் அங்கேதான் இருந்தோம். அவன் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அண்ணாச்சி, லோடு போட்டுத்தான சுத்துனீங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

அண்ணாச்சி டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லடே" என்றார். "கையாலயே சுத்திட்டேன். மூணு வண்டி அப்படிச் செஞ்சிருக்கேன். அந்த சீட்டுல வேற ஆள உக்கார வைக்க முடியலடே எனக்கு."

அங்கேயே போனை எடுத்து மற்ற இரண்டு வண்டிக்காரர்களையும் கூப்பிட்டார். "கயித்தத் தொடாதீங்க. சுத்துனது சரியில்ல, தப்பு என்னுது" என்று இரண்டு பேரிடமும் அதே வார்த்தையைச் சொன்னார். பிறகு எங்களிடம் திரும்பி, புதுக் கயிறு வாங்கித் தருவதாகவும், வேறு யாரிடமாவது சுற்றிக்கொள்ளும்படியும், தான் கடையை மூடிவிட்டுத் தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போவதாகவும் சொன்னார். வாழ்நாள் முழுக்கத் தளர்ந்த கயிற்றைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர், அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

செல்வின், "வேற யாருகிட்டயும் போவமாட்டேன் அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. புதுக் கயிற்றோடு செல்வின் வண்டி தூணுக்கு எதிரே நின்றது. யாரும் கூப்பிடாமலே நான் போய் ஏறி உட்கார்ந்தேன். காதர் பாய் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்தார். பழைய கனத்த ஆசாமிகள் எல்லாரும் வந்து ஏறினார்கள். கடை வாசலில் நின்றிருந்த அண்ணாச்சி எங்களையே பார்த்தார். பிறகு வந்து கொக்கியை மாட்டினார், சாக்கை நனைத்துப் போட்டார்.

செல்வின் டிரைவர் சீட்டில் ஏறினான். அண்ணாச்சி சுவிட்சைக் கையில் பிடித்தபடி நின்றார். கை அமுக்கவில்லை. ஐந்து நிமிஷம் போனது.

"எறங்குடே" என்றார் செல்வினிடம். "ஆபீசரே, நீரும் எறங்கும்." ஆபீசுக்குப் போகும் ஒரே காரணத்தால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கையுறையையும் சுவிட்சையும் என் கையில் திணித்தார். "கயிறு எப்படி ஏறணும்னு ஒமக்குத் தெரியும். ஓரமா நில்லும், கயித்துல கைய வைக்காதேயும்." சொல்லிவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மதினி உட்காரும் அந்த சீட்டில் அவரே ஏறி உட்கார்ந்தார்.

செல்வின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு என்ஜினைக் கிளப்பி, நியூட்ரலா என்று பார்த்தான். நான் சுவிட்சை அமுக்கினேன். வண்டி ஊர்ந்தது.

"சரியா ஏறுதா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தளருது அண்ணாச்சி, பாருங்களேன்" என்றேன்.

"எங்கன பாக்க?" என்றார். கழுத்தை நீட்டினார். சீட்டிலிருந்து எக்கினார். இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். "நிறுத்தும், நிறுத்தும்." நான் நிறுத்தினேன். "இங்கேர்ந்து பானெட்டுதான்வே தெரியுது. டிரம்மு தெரியல, கயிறு தெரியல. ஒண்ணுமே தெரியலியே."

மதினி அண்ணாச்சியைவிட ஒரு சாண் குள்ளம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"இருவத்திரண்டு வருசமா 'பாத்து அமுக்கு, பாத்து அமுக்கு'ன்னு ஏசிருக்கேன்" என்றார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இங்க பாக்கதுக்கு என்ன இருக்கு? எஞ் சத்தத்த வச்சுத்தான அமுக்கிருக்கா. ஒருநாளாவது தெரியலன்னு சொன்னாளா, பாவி மவ."

காதர் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணாச்சி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாவு வீட்டில்கூட அழவில்லை. நாங்கள் அவரை அழ விட்டோம்.

பிறகு லுங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆபீசரே, சத்தம் போடும்" என்றார்.

"கொஞ்சம் அமுக்குங்க அண்ணாச்சி" என்றேன்.

"கேக்கல. என்ஜின் ஓடுதுல்லா. நல்லா ஏசிப் போடும், அப்பத்தான் எங் காலுக்குப் புரியும். இந்த வண்டி முடிஞ்சா இன்னும் ரெண்டு வண்டி இருக்கு. அதுக்கும் நீருதான் வரணும்."

மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "அமுக்குங்க! விடுங்க, விடுங்க! அய்யா, தளருதுன்னு சொல்லுதேன்ல, காது எங்க இருக்கு? அமுக்குங்க அண்ணாச்சி!" கம்பிக் கயிறு ஒவ்வொரு சுற்றாக ஒட்டி ஒட்டி ஏறியது. சந்தில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசாமல், நேராகப் பார்த்தபடி, என் குரலைக் கேட்டு அமுக்கிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பெரியவர் ஒருவரை அரை மணி நேரம் நடுத்தெருவில் வைத்து ஏசினேன். அவ்வளவு பிரியமாக நான் யாரிடமும் பேசியது கிடையாது.