எலிகளுக்கு அனுப்பிய சட்டை

மதிப்பிற்குரிய ஆய்வுக்கூடத் தலைவி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கூடத்து வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தரும் லாண்டரிக் கடைக்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். நீங்களும் உங்கள் எலிகளும் நலம்தானே? உங்கள் கோட்டுப் பையில் இருந்த மைக்கறை போய்விட்டது. ஆனால் இது கோட்டு பற்றிய கடிதம் அல்ல. உங்களிடம் வேலை பார்க்கும் என் மகளின் சோதனை கெட்டுப்போயிருந்தால் அதற்குக் குற்றவாளி நான்தான், அவளை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

போன மாதம் சாப்பிடும்போது, "அப்பா, நீங்க போட்ட சட்டை ஒண்ணு குடுங்க, லேபுக்கு வேணும்" என்றாள். எலிக்கு எதுக்கும்மா சட்டை என்றேன். அப்புறம்தான் விளக்கினாள். எலிக்கு வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லத் தெரியாதாம், அதனால் மெல்லிய இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்களாம், சூடான தட்டில் விட்டு எப்போது காலைத் தூக்குகிறது என்று கவனித்து உடனே எடுத்துவிடுவார்களாம், தோலில் இருக்கும் நரம்பு முதுகுத்தண்டுக்குச் சேதி சொல்ல, அது மூளைக்குச் சொல்லுமாம். வலித்தால் கண் இடுங்கும், காது பின்னால் போகும், முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாமாம். ஆனால் பக்கத்தில் ஆண்பிள்ளை வாடை அடித்தால் போச்சு. மிரட்சியில் வலியே அமுங்கிப்போய் எலி சும்மா உட்கார்ந்துவிடுமாம். ஆள்கூட வேண்டாம், போட்டுக் கழற்றிய சட்டை போதுமாம். இதைக் கேட்டு என் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "உங்கப்பா நேர்ல நின்னாலே இந்த வீட்ல ஒரு பல்லி பயப்படாது, சட்டைக்கு எலி பயப்படுமாக்கும்!" என்றாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. என் சட்டை விஞ்ஞானத்துக்குப் போகிறது! அவ்வளவு பெரிய இடத்துக்கு அழுக்குச் சட்டையா கொடுத்தனுப்புவது? என் கடைப்படியை விட்டு ஒரு கைக்குட்டைகூட அழுக்கோடு இறங்கியதில்லை. ஊறவைத்து, கசக்கி, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, கத்தி மாதிரி மடிப்பு வைத்து, காகிதப் பட்டை சுற்றி அவள் பையில் வைத்தேன். போன வாரம் கோட்டு மூட்டையோடு வந்த, உங்கள் கூடத்துக் கண்ணாடி போட்ட பெண்ணிடம் இதைப் பெருமையாகச் சொல்லப்போக, "ஐயோ அங்கிள், துவைச்சிட்டீங்களா? அந்த வாடைதானே வேணும்! சோப்பு வாசனைக்கு எலி எதுக்கு பயப்படும்?" என்றாளே பார்க்கலாம். என் கை அப்படியே நின்றுவிட்டது. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒருவருடைய கால்சட்டை கருகியது தனிக் கதை.

சட்டை போன நாளிலிருந்தே என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாலையில் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். "எலியெல்லாம் என்னம்மா சொல்லுது?" என்றால், "எலிய விடுங்கப்பா" என்று எழுந்துபோய்விடுகிறாள். சோதனை பாழாகிவிட்டது, அப்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறாள் என்று பெற்றவனுக்குத் தெரியாதா அம்மா? அவள் பட்ட பாடெல்லாம் என் சோப்பில் கரைந்துபோகலாமா?

உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்த எலிகள்மேல் தனிப் பரிவு உண்டு. வலது தோள் கொஞ்ச நாளாக என் பேச்சைக் கேட்பதில்லை. ஆள் இல்லாதபோது இடது கையால் தேய்ப்பேன். மகளின் செருப்புச் சத்தம் கேட்டால் பெட்டியை வலது கைக்கு மாற்றி, ஒரு பாட்டையும் முணுமுணுப்பேன். தெரிந்தால் கடையை மூடு என்பாள், ராத்தூக்கம் கெடுப்பாள். இது நமக்குள் இருக்கட்டும்.

இன்று காலையே ஒரு சட்டையைத் தனிப் பார்சலாக அனுப்பிவிட்டேன். கொதிக்கும் அடுப்புப் பக்கத்தில் நின்று வேலை பார்த்து, அதையே போட்டுக்கொண்டு தூங்கியும் எழுந்த சட்டை. வீட்டுக்காரி என்னை வாசற்பக்கம் படுக்கச் சொல்லிவிட்டாள். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் பிரிக்கவும். காலரை மட்டும், மனசு கேட்காமல், ஈரத்துணியால் லேசாகத் துடைத்தேன். சோப்பு சத்தியமாக இல்லை. இதை வைத்து அவளுக்கு மறுபடி ஒரு வாய்ப்பு கொடுங்கள் தாயே.

உங்கள் கூடத்தில் உள்ள பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி, வாலுள்ளவர்களுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
லாண்டரிக் கடைக்காரன்

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடவும். உறையை ஒட்டும்போது மகள் வந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். சோதனைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அப்பா துவைத்துத்தான் தருவார் என்று பையைத் திறக்குமுன்பே தெரியுமாம். வாட்ச்மேன் சட்டையை வாங்கி வைத்தார்களாம், எலிகள் வேண்டிய மட்டும் மிரண்டனவாம். என் சட்டை பட்டைகூடப் பிரிக்காமல் அவள் மேசைக்குள் பத்திரமாக இருக்கிறதாம். "அப்புறம் எதுக்கும்மா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டிருந்த?" என்றேன். "சொல்லத் தெரியாத ஜீவனுக்கு எங்க வலிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான்பா என் வேலை. நீங்க கை மாத்தறது எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு தினம் வந்து உக்காந்திருந்தேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும்தான். நாளை டாக்டரிடம் போகிறோம். ஆகையால் இதை அவளுடைய விடுப்புக் கடிதமாக வைத்துக்கொள்ளவும். காரணம், அப்பாவின் தோள். கோட்டுகள் ஒரு நாள் தாமதமாகும். பார்சல் சட்டையை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள், துவைக்க வேண்டும்.