பெயர்த் திருத்தம்

"சத்தமாப் படி. ஒரு வார்த்தைகூட விடக் கூடாது," என்றார் எழுத்தர்.

"என்னைப் பத்தின புகாரை நானே படிக்கணுமா?" என்றாள் மகள்.

"எங்கிட்ட கண்ணாடி இல்லை."

"எங்க இருக்கு?"

"ஆபீஸ்ல."

"பரவாயில்லை. நம்ம வீட்டுலேருந்து ஒண்ணாவது நேரத்துக்கு ஆபீஸ்ல இருக்கு."

அவர் பெயர்த் திருத்தப் பிரிவில் எழுத்தர். சான்றிதழ்களில் தப்பாக ஏறிவிட்ட பெயர்களை விண்ணப்பம் வாங்கிச் சரிசெய்து தருவது வேலை. அதற்காக வாங்கிய கண்ணாடியை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு வருவார். வீட்டில் படிக்க மகள் இருந்தாள். மருந்து அட்டை, மின்கட்டண அறிவிப்பு எல்லாம் அவள்தான் படிப்பாள். போன் செய்ய வேண்டுமென்றால், "பெரியப்பாவுக்குப் போடு," என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார். அவள் போட்டுக் கையில் தருவாள். வருகிற அழைப்பைப் பார்க்காமலே எடுத்துக் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார். அலுவலகத்திலோ, போன்களை எல்லாம் வாசலில் உள்ள இரும்பு அலமாரியில் பூட்டி மாலையில்தான் தருவார்கள். அதனால் அவருடைய போனும் அவருடைய கண்ணாடியும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

மகள் செய்தி வாசிப்பவள் போல நிமிர்ந்து நின்று படித்தாள்.

"'உங்கள் மகள் அறிவுள்ள பெண்...'"

"அப்படியா எழுதியிருக்காங்க?"

"ஆமா."

"நீயாச் சேர்க்காதே."

அவள் ஒரு விநாடி அவரைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "'...ஆனால் வகுப்பில் யாரோடும் ஒட்டுவதில்லை. இடைவேளையில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து ஆசிரியர்களைக் கேலிச் சித்திரமாக வரைகிறாள். என்னை ஒரு சோதனைக் குழாயாக வரைந்திருக்கிறாள். காரணம் கேட்டதற்கு, சூடு பட்டா நிறம் மாறுறீங்க மிஸ் என்று எகத்தாளமாகப் பதில் சொல்கிறாள்.' எகத்தாளத்துல ஒரு 'த்' குறையுதுப்பா. திருத்திடலாமா? உங்க பிரிவுதானே."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கண்டிக்க முடியாது என்று அடக்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பை அப்போதே சிரித்திருக்கலாம் என்று பிறகு பல நாள் நினைத்தார்.

"பதினாறு வயசாச்சு. சிநேகிதின்னு ஒருத்தி உண்டா உனக்கு? எல்லாருக்கும் ஒரு பேரை வெச்சு, ஒரு படத்தை வரைஞ்சு, தள்ளி நின்னு வேடிக்கை பாக்கற. உனக்கு என்ன பேர்? நீ யாருக்கு என்னவா இருக்க? அதைச் சொல்லு பாப்போம்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

அதில் எகத்தாளம் இல்லை. அதுதான் அவருக்கு என்னவோ போல இருந்தது.

அவர் குளித்துவிட்டு வந்தபோது போன் அவள் கையில் இருந்தது. அதை ஆணியில்லாத சுவரோரம் நாற்காலியில் கிடந்த சட்டைப் பைக்குள் போட்டாள். புகார்க் கடிதத்தையும் மடித்து அதோடு வைத்தாள். "சார்ஜ் கம்மியா இருக்கு," என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாவது திருப்பத்தில் ஒரு லாரி வந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பதினொரு மணிக்கு யார் யாருக்கோ தகவல் சொல்ல வேண்டியிருந்தது. எழுத்தர் போனை எதிர்வீட்டுக்காரரிடம் கொடுத்தார். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தெருவில் நடப்பதைத் தெருவுக்கே சொல்லுகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"முதல்ல எங்கண்ணனுக்குப் போடுங்க."

"அண்ணன்னு யாரும் இல்லையே தம்பி."

"இருக்கும், பாருங்க."

"'நான் அப்பவே சொன்னேன்'னு ஒண்ணு இருக்கு. தூக்கின விரல் படம் போட்டிருக்கு."

"என்னது?"

"'ஆணி அடிக்காதே'. அழற சுவர். 'வந்துட்டே இருக்கேன்'. ஆமை. 'மிஸ்டு கால்'. 'கண்ணாடி'... மூக்குக் கண்ணாடி படம், கடை போல, அதை விடு. 'இன்னொரு விஷயம்'... ஏதோ விளம்பரக் கம்பெனி. 'எதிர்வீட்டு வானொலி'. இது யாரு, எதிர்வீட்டு..."

நிறுத்திவிட்டுப் படத்தை அருகில் கொண்டுவந்து பார்த்தார். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒலிபெருக்கி. மேலே இருந்த மீசை அவருடையது.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கு," என்றார். அன்று முழுவதும் அதன்பிறகு அவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"காலைல பாப்பா கையில போன் இருந்துச்சு. நான் குளிக்கப் போனப்போ," என்றார் எழுத்தர்.

"இருபது நிமிஷத்துல நாப்பத்தோரு பேரா? படத்தோட?"

"அவ கை வேகம்." கொஞ்சம் பொறுத்து, "'மகள்'னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அவங்கம்மா போட்டுக் குடுத்தது," என்றார்.

எதிர்வீட்டுக்காரர் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தேடினார்.

"இல்லையே தம்பி."

எழுத்தருக்குப் புரிந்துவிட்டது. நீ யாருக்கு என்ன என்று காலையில் அவர்தான் கேட்டிருந்தார். அவள் எல்லோருக்கும் பெயர் வைத்துவிட்டுத் தன்னை மட்டும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

விரல் படத்தை அழுத்தினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம், "நான் அப்பவே சொன்னேனேடா, சைக்கிள் வேண்டாம்னு," என்று ஒரு குரல் வந்தது. அண்ணன்தான். சொல்லிவிட்டு அவர் ஓவென்று அழுதார்.

அடுத்து 'வந்துட்டே இருக்கேன்'. அது மனைவியின் தம்பியாக இருக்கும் என்று தீர்மானித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தாழ்ந்த குரலில், "வீட்டுல ஒரு துக்கம். உடனே கிளம்பி வாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் கருவிப் பையோடு குழாய் ரிப்பேர்காரர் வந்து நின்றார். அடுக்களைக் குழாய்க்காக நான்கு மாதமாக அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தவர், முதல்முறையாக அதை நிஜமாக்கியிருந்தார்.

கூட்டத்தைப் பார்த்தார். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. நேராக அடுக்களைக்குப் போய்க் குழாயைக் கழற்றிப் பூட்டினார். சொட்டும் சத்தம் நின்றது. அந்த வீட்டில் இனி வேறெந்தச் சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது.

விளம்பரக் கம்பெனி என்று விட்டுவிட்ட 'இன்னொரு விஷயம்'தான் மனைவியின் தம்பி. போனை வைக்கப் போகும்போதெல்லாம் அப்படிச் சொல்லி அரைமணி நேரம் பேசுகிறவர். அவருக்கு யாரோ சொல்லித் தெரிந்து, எல்லாம் முடிந்தபிறகு மாலையில் வந்து சேர்ந்தார்.

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா மாமா? நான் தாய்மாமன் இல்லையா?"

"சொல்லக் கூடாதுன்னு இல்லை. உங்களை... நீங்கன்னு தெரியலை."

"என்னைத் தெரியலையா!"

காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதும் அவர் கோபம் அடங்கி, வேறொரு கோபம் வந்தது.

இனி இப்படி ஆகக் கூடாது என்று எழுத்தர் எதிர்வீட்டுக்காரரை உட்கார வைத்து, அலுவலகப் படிவம் போலவே ஒரு தாளில் கோடு போட்டார். தற்போதுள்ள பெயர், சரியான பெயர், திருத்தத்துக்கான காரணம். எதிர்வீட்டுக்காரர் படிக்கப் படிக்க, கண்ணாடி இல்லாமல் பெரிய பெரிய எழுத்தாக நாற்பத்தொன்றையும் எழுதினார். பாதி பேர் யாரென்று தெரிந்தது. மீதியைக் கூப்பிட்டுப் பார்க்கப் பயமாக இருந்தது. காரணம் என்ற கட்டத்தை முழுதும் காலியாகவே விட்டார்.

அந்தத் தாள் மேசைமேல் கிடந்தது. அதுதான் வினை. அண்ணன் எடுத்துப் படித்தார். மூன்றாம் நாளுக்குள் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் கேட்டு முடித்துவிட்டு, எழுந்துபோகாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

தங்கை போனில் கேட்டாள். "அண்ணா, என்னை என்னன்னு வெச்சிருக்கா?"

"வேண்டாம்மா. வருத்தப்படுவே."

"அவ்வளவு மோசமாவா? என்னைத் தூக்கி வளர்த்த அத்தைன்னு பாக்காம?"

மறைத்தால் இன்னும் மோசமாக நினைத்துக்கொள்வாள் என்று, "மிஸ்டு கால்," என்று சொல்லிவிட்டார். தங்கை பட்டென்று வைத்துவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்து அவர் போன் ஒரே ஒரு முறை அடித்து நின்றது. அவள்தான்.

அண்ணன் நேரிலேயே வந்தார். "சின்னப் பொண்ணு. போயிட்டா. நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா இருக்கறவங்களுக்கு மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லடா? எல்லாத்தையும் அழிச்சுடு."

"அழிச்சா நம்பரும் போயிடும்ணே."

"நான் அப்பவே சொன்னேன், பசங்க கையில போனைக்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு அவர் அந்த வாக்கியத்தைத் தொடங்கும்போதெல்லாம் பாதியில் நிறுத்த வேண்டிவந்தது. பாவம், பேசுவதற்கு அவரிடம் வேறு அதிகம் இருக்கவில்லை.

வாடகைக்கு விட்ட வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆறு வருடமாகச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றவர். மகளின் படங்களெல்லாம் அதனால்தான் அலமாரிக் கதவுகளின் உட்புறம் பசையில் ஒட்டிக்கிடந்தன. இப்போது அவளுடைய புகைப்படம் மேசையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் காலை அவர் சுத்தியலும் ஆணியுமாக வந்து, கூடத்துச் சுவரில் தானே அடித்து, படத்தை மாட்டினார்.

"எனக்கும் ஒரு பேர் இருக்காமே சார்?"

"ஆணி அடிக்காதே."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "இனி அடிக்கலாம்மா," என்றார், படத்தைப் பார்த்து.

பதினைந்தாம் நாள் எழுத்தர் வேலைக்குப் போனார். இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வேலையாகச் சட்டைப் பையில் இருந்த புகார்க் கடிதத்தைப் பிரித்துப் படித்தார். 'அறிவுள்ள பெண்' இருந்தது. எகத்தாளத்தில் 'த்' இல்லை. அவள் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் விட்டிருந்தாள். கடைசி வரி. 'படம் என்னைப் போலவே இருந்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.'

அன்று அவர் ஒரு பெயரையும் திருத்தவில்லை. மாலையில் கண்ணாடியை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"என் பேரை மட்டும் நீங்க இன்னும் சொல்லலை," என்றாள் மனைவி.

"மேல்முறையீடு."

அவள் சிரித்துவிட்டாள். அவர் மறுத்த ஒவ்வொன்றும், சைக்கிள் உட்பட, அவளிடம் போய்த்தான் அனுமதி பெற்றிருந்தது. சிரித்த முகத்தை உடனே இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"எல்லா வழக்கும் எங்கிட்டதான் வந்துச்சு. அன்னிக்குக் காலைல நடந்தது மட்டும் வரலைங்க."

அப்போது அவர் சொல்லிவிட்டார். கடிதம், தான் கேட்ட கேள்வி, தேடியும் கிடைக்காத 'மகள்'. "அவ பேரை அவளே எடுத்துட்டா. எம்மேல கோபத்தோடதான் போயிருக்கா."

மனைவி முகத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள். "அப்படின்னா அந்தப் பேரெல்லாம் நமக்கு வேண்டாம். கோபத்துல வெச்சுட்டுப் போனதை நாம வெச்சுக்கிட்டு இருக்க வேண்டாம். பழையபடி மாத்திடுங்க."

மறுநாள் போன் கடைக்குப் போனார். கணினிக்கு முன்னால் இருந்த பெண் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"முப்பது நாளுக்குள்ளதானே? அப்ப பண்ணிடலாம் சார். எந்தத் தேதியில இருந்த மாதிரி வேணும்?"

அவர் அந்தத் தேதிக்கு முந்தின நாளைச் சொன்னார்.

"இப்ப இருக்கற பேரெல்லாம் போயிடும். பரவாயில்லையா?"

தலையை மட்டும் ஆட்டினார். நாற்பத்தொரு பெயர் எழுதிய தாளை மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். "ஒருவேளை எதுவும் விட்டுப்போச்சுன்னா," என்று அதை அவளிடம் நீட்டினார்.

திரை அவருக்கு வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது. அந்தப் பெண் எதையோ அழுத்தினாள். காத்திருந்தாள். தாளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து விரலை ஒவ்வொரு வரியாக வைத்துக்கொண்டே வந்தாள்.

"ஆகலையாம்மா?"

"ஆயிடுச்சு சார். ஆனா நாப்பது பேர் முன்னாடியே இப்படித்தான் இருந்திருக்கு, எதுவும் மாறலை. அன்னிக்குக் காலைல மாத்தினது ஒண்ணே ஒண்ணுதான் போலிருக்கு. 'கண்ணாடி'ன்னு இருந்தது, இப்ப 'மகள்'னு வருது."