சுகுமார் மாட்டிய ராம்

கம்ப்யூட்டர் விஷயத்திலாவது இனி வீட்டில் தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று சுகுமார் முடிவு கட்டியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். மற்ற விஷயங்களில் எடுபடாது என்பது உத்திரமேரூருக்கே தெரியும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதில்தான் அவன் மனைவி சசிரேகா ஊராருக்குப் பட்டா, சாதிச் சான்று என்று விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாள். சுவிட்சைப் போட்டுவிட்டு உலையில் அரிசி போட்டால், சோறு வடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

"பழைய ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ன்னு வேகமான டிஸ்க்கு போட்டா சரியாப் பூடுங்க. மெமரிக்கு இருக்கற ராமே போதும்" என்றாள்.

"உனுக்கு இன்னா தெரியும்? ராமுதான் மூள. அத ஏத்தாம வேற எத மாத்தி இன்னா பிரயோஜனம்?"

யூடியூபில் பாடம் படித்தவனிடம் யார் வாதாடுவது? சரி, பழைய ராமைக் கழற்றி மாதிரிக்காவது எடுத்துப் போங்கள் என்றாள். ராகுகாலத்தில் பெட்டியைத் திறந்தால் விளங்குமா என்று சிடுசிடுத்துவிட்டு, வெறுங்கையோடு வாலாஜாபாத்துக்கு வண்டியை விட்டான். கடைக்காரரும் மாதிரி கேட்டார். "பெருசா ஒண்ணு குடுங்க" என்று வாங்கி வந்தான்.

திரும்பும்போது ராகுகாலம் முடிந்திருந்தது. புது ராமைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டு, கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தான். உள்ளே எது எது என்று அவனுக்குத் தெரியாது. ராமை மட்டும் வீடியோவில் பார்த்திருந்தான். பழசைப் பிடுங்கிப் புதுசை அமுக்கினான். ஏறவில்லை. திருப்பி அமுக்கினான். ஊஹூம். புது ராமில் வெட்டு ஓரிடம், அதைச் செருகும் இடத்தில் மேடு வேறிடம். கடைக்காரனைத் திட்டினான், யூடியூபைத் திட்டினான், திட்ட ஆள் தீர்ந்துபோய் வியர்த்து உட்கார்ந்தான்.

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன், மாட்டிட்டேன்."

பழசையே திரும்பச் செருகி, புதுசைச் சட்டைப் பையில் போட்டு, மூடியைத் திருகினான். மானம் போகப்போகிறது என்று எண்ணிக்கொண்டே சுவிட்சைப் போட்டான். வட்டமே சுற்றாமல் படக்கென்று திறந்துகொண்டது கம்ப்யூட்டர். சுகுமாரே பயந்துவிட்டான்.

பயம் தெளிந்ததும் மீசை தானாக முறுக்கிக்கொண்டது. தன் கைவேலையைப் பற்றி அடுத்த தெரு கன்னியப்பனுக்குப் போன் போட்டு அளந்தான். அளந்து முடித்த கையோடு கன்னியப்பன் வந்து நின்றார், வண்டியில் தன் வீட்டு ஓட்டைக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு. "எனுக்கும் அதே மாதிரி பண்ணிக் குடு, சுகுமாரு."

சுகுமார் தன்னையறியாமல் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். தண்ணீர்ச் சொம்போடு வந்த சசிரேகா அவன் காதோரம் குனிந்தாள்.

"நீங்க அப்பிடிப் போனதும் பஸ் ஸ்டாண்டு கம்ப்யூட்டர் கடை தினேஷ்குமார வரச்சொல்லி எஸ்.எஸ்.டி. போட்டுட்டேன். ராகுகாலத்துலதான்."

"அடிப்பாவி, வந்தப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று பல்லைக் கடித்தான்.

"மாட்டிட்டேன்னீங்களே. நானும் நம்பிட்டேன்."

நிமிர்ந்து, கன்னியப்பனைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"குந்துங்கண்ணா. உங்களுக்குப் போடறதுக்கு அவரு பாக்கெட்டுலயே ரெடியா கீது பாருங்க, குங்குமங்கூட வெச்சி."