இன்னும் ஒரே ஒரு வீடு

எதையுமே தேர்ந்தெடுக்காமல் ஒரு மனிதர் ஒரு முழு ஆயுளை ஓட்டிவிட முடியுமா?

நான் சொல்லப்போகிற மனிதரைப் பார்த்தால், முடியும் என்றுதான் தோன்றும். அவர் 'இன்னும் ஒன்று பார்க்கலாம்' இனத்தைச் சேர்ந்தவர். இந்த இனத்தை நீங்கள் செருப்புக் கடையில் பார்த்திருப்பீர்கள். எட்டு ஜோடியை மாட்டி, கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து, கண்ணாடியில் வலது காலைத் தனியாகவும் இடது காலைத் தனியாகவும் விசாரித்துவிட்டு, கடைசியில் போட்டுவந்த பழைய செருப்போடு படியிறங்கிப் போகிறவர் அவர்தான். ஆனால் செருப்பெல்லாம் சில்லறை வேலை. இந்த இனத்தின் முழுத் திறமையும் வெளிப்படுவது, விடுமுறைக்கு வெளியூரில் ஒரு வாரம் தங்க வீடு பார்க்கும்போதுதான்.

நம்மவர் காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிடுபவர். எரிந்த கிடங்கு, நனைந்த சரக்கு, நசுங்கிய கார் இவற்றையெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து எங்கே என்ன கெட்டிருக்கிறது என்று எழுதுவதற்கு இருபத்தாறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறார். அப்படிப்பட்ட கண்ணுக்கு முழுசாக இருக்கும் வீடும் இன்னும் இடியாத வீடாகத்தானே தெரியும்?

மனைவி பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஒரே ஒரு ஊரைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பழைய துறைமுகம், கல் பாவிய சந்துகள், கலங்கரை விளக்கம், இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாரோ ஓர் ஓவியர் வாழ்ந்ததாகச் சொல்லும் சுவர்ப்பலகை. அங்கே ஆறு நாள் உட்கார்ந்து படகுகளை வரைய வேண்டும், அவ்வளவுதான். முதல் வருடம் அவர் வீடு தேடி முடிப்பதற்குள் விடுமுறை முடிந்துவிட்டது. இரண்டாம் வருடம், இந்த ஊர்தான் சரியான ஊரா என்று வேறு நான்கு ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவே நாள் போதவில்லை. மூன்றாம் வருடமான இந்த வருடம், அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள வீடு முடிவாகலைன்னா நானும் தங்கச்சியும் கிளம்பிடுவோம். நீங்க இங்கேயே உட்கார்ந்து மிச்ச வீட்டையெல்லாம் நிதானமா பாருங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

பயம் அவரைச் சுறுசுறுப்பாக்கியது, வேகமாக்கவில்லை. அறுபத்திரண்டு வீடுகள், பதினேழு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை தயாரானது. கடலுக்கு எத்தனை அடி, எத்தனை படி, ஜன்னல் எந்தத் திசை, மெத்தைக்கு எத்தனை வயது. தங்கிப் போனவர்கள் எழுதிவைத்த பாராட்டுகளை அவர் படிப்பதே இல்லை. "இதெல்லாம் வீட்டுக்காரனோட மாமன் மச்சான் எழுதறது" என்பார். குறைகளை மட்டும் படிப்பார், இரண்டு முறை. படத்தில் விழும் நிழலை வைத்து எத்தனை மணிக்கு எடுத்தது என்று கண்டுபிடிப்பார். ஒரே பூச்சாடி மூன்று அறைகளிலும் இருந்தால், வீட்டில் மொத்தமே ஒரு பூச்சாடிதான் என்று குறித்துக்கொள்வார். இதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள். அவருக்கும் தெரியாது.

பிறகு தொலைபேசி.

"ஜன்னல்லேருந்து கடல் தெரியும்னு போட்டிருக்கீங்களே, உட்கார்ந்தா தெரியுமா, நின்னா தெரியுமா?"

"எட்டிப் பார்த்தா நல்லா தெரியும் சார்."

"எவ்வளவு தூரம் எட்டணும்?"

"சார், நீங்க எத்தனை பேர் வர்றீங்க?"

"அது இன்னும் முடிவாகலைங்க. நீங்க எட்டறதைச் சொல்லுங்க."

பழைய வீடுதான் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முந்நூறு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். ஆனால் மரத்தரை கிறீச்சிடக் கூடாது, படிகள் செங்குத்தாக இருக்கக் கூடாது, குழாயில் வெந்நீர் உடனே வர வேண்டும். பழமை வேண்டும், ஆனால் அது இப்போதுதான் செய்து இறக்கியதாக இருக்க வேண்டும்.

ஓவியர் ஒருவருடைய வீடு ஏறக்குறைய முடிவாகிற நிலைக்கு வந்தது. கூடத்துச் சுவரில் பெரிய கடல் ஓவியம், கொஞ்சம் தாழ்வாக மாட்டியிருந்தது. நம்மவரின் இருபத்தாறு வருட அனுபவம் விழித்துக்கொண்டது. பின்னால் நிச்சயம் ஈரக்கசிவு! ஓவியத்தைக் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஓவியர் நல்ல மனுஷர், அனுப்பினார். சுத்தமான வெள்ளைச் சுவர். வேறு யாராக இருந்தாலும் நிம்மதியடைந்திருப்பார்கள். இவர் கவலைப்பட்டார். "ஒண்ணுமே இல்லைன்னா எதுக்கு இவ்வளவு தாழ்வா மாட்டணும்?" அதற்கு ஓவியர் அனுப்பிய பதிலைப் படித்துவிட்டு, அந்த வீட்டை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார். "நான் குள்ளம்" என்று பதில் வந்திருந்தது.

அவரைச் சோம்பேறி என்றோ கஞ்சன் என்றோ நினைத்துவிட வேண்டாம். இரண்டும் இல்லை. ஒரு வீட்டை எடுப்பது அவருக்குப் பெரிய காரியமே இல்லை. மற்ற அறுபத்தொன்றையும் விட வேண்டும், அங்கேதான் கை வராது. விட்ட வீடுகளில் ஏதோ ஒன்றில் தான் சந்தோஷமாக இருந்திருப்போமோ என்று நினைக்கிற மனிதருக்கு எடுத்த வீட்டில் எப்படித் தூக்கம் வரும்?

வெள்ளிக்கிழமை மதியம் அந்த வீடு அகப்பட்டது. துறைமுகத்தைப் பார்த்த இரண்டு ஜன்னல்கள், உட்கார்ந்தாலே கடல். தேய்ந்தாலும் ஆடாத படிகள். பதினேழு கட்டத்திலும் சரி. குறை என்று ஒருவரும் ஒரு வரிகூட எழுதவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஜன்னல் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாயிருக்குங்க. எடுத்துடுங்க."

"எடுத்துடலாம். எடுக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி இன்னும் ஒரே ஒரு வீடு பார்த்துடறேன். இதைவிட நல்லது இல்லைன்னு உறுதியாத் தெரியணும் இல்ல?"

அவள் உள்ளே போனாள்.

ஒரே ஒரு வீடு ஐந்தானது. அவர் பழைய விளம்பரத்துக்குத் திரும்பி வந்தபோது, அந்த ஆறு நாளுக்கும் வேறு யாரோ அந்த வீட்டைப் பிடித்துவிட்டிருந்தார்கள். அவர் முகம் விழுந்தது. ஆனால் உற்றுப் பார்த்திருந்தால் அதில் ஒரு துளி நிம்மதியையும் பார்த்திருக்கலாம். கிடைக்காமல் போன வீட்டில் இனி யாராலும் குறை காண முடியாதே!

ஐந்து மணிக்குப் பெட்டியும் கையுமாக மச்சினி வந்து சேர்ந்தாள். காபி வந்தது. அவர் கொட்டித் தீர்த்தார்.

"யாரோ அவசரக்குடுக்கை எடுத்துட்டான். முன்ன பின்ன விசாரிச்சிருப்பானா? ஜன்னல் எந்தப் பக்கம்னாவது பார்த்திருப்பானா?"

"தெற்குப் பக்கம்" என்றாள் மனைவி. "பார்த்துதான் எடுத்தேன்."

அவருடைய காபி பாதி வழியில் நின்றது.

"மூணு வாரம் நீங்க ராப்பகலா ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்க. அது வீணாகலாமா?"

மச்சினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கோவிச்சுக்காதீங்க அத்தான். உங்க அட்டவணை ரொம்ப உபயோகமா இருந்துச்சு. நாங்க கடைசி வரியை மட்டும்தான் படிச்சோம்."

"அங்க மூணு பேருக்கு இடம் இருக்கு" என்றாள் மனைவி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "நீங்க வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா வந்தா சும்மா வரணும். வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. வராட்டா நாங்க ரெண்டு பேரும் காலையில வண்டி ஏறிடுவோம். நீங்களே முடிவு பண்ணுங்க."

முடிவு பண்ணச் சொல்லிவிட்டாள்! யாரிடம்?

அவர் எழுந்து உள்ளே போனார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி டம்ளர்களை எடுத்து வைப்பதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார்.

"நானும் வீடு எடுத்துட்டேன்."

"எங்கே?"

"அதே ஊர்லதான். உங்க வீட்டுக்கு எதிர் வீடு. ஆறு நாள்."

அந்த வீடு அட்டவணையிலேயே இல்லை. விளம்பரத்தில் ஒரு படம்கூட இல்லை. 'மாடியில் ஓர் அறை, ஜன்னல் தெருவைப் பார்த்தது' என்று ஒரு வரி, அவ்வளவுதான். தங்கினவர்கள் நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் எழுதவில்லை. அவர் யாருக்கும் போன் செய்யவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. இலவசமாகக் கூப்பிட்ட ஒரு குறையில்லாத வீட்டை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்தார். ஆறு நாளும் அங்கேதான் தூங்கினார். காலையில் வரைய உட்காரும் முன் அவள் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறக்கும்போது, தெருவுக்கு அந்தப் பக்கம் அவர் காபியோடு உட்கார்ந்திருப்பார். "வீடு எப்படி?" என்று மச்சினி கத்திக் கேட்டால், "இருக்கு" என்பார். ஏன் அப்படிச் செய்தார் என்று மனைவி அங்கே ஒரு தடவையும் திரும்பி வந்தபின் ஒரு தடவையும் கேட்டாள். அவர் சொல்லவில்லை. மூன்றாம் தடவை அவள் கேட்கவில்லை.

உங்களுக்கு இந்நேரம் ஒரு காரணம் தோன்றியிருக்கும். நல்ல காரணமாகவே இருக்கலாம். அதோடு திருப்தியாகிவிட்டீர்கள் என்றால் உங்களைப் பற்றிக் கவலையில்லை. 'இதைவிடப் பொருத்தமாக இன்னும் ஒரே ஒரு காரணம் இருக்குமோ' என்று மனம் தேட ஆரம்பித்திருந்தால், தயவுசெய்து இதை மூடி வைத்துவிட்டு எழுந்து பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது சத்தமில்லாமல் பெட்டி கட்டிக்கொண்டிருக்கலாம்.