பொட்டி அண்ணேயும் விமானத்து ஊதுபத்தியும்

பேராக் மாநிலத்தில் என் பொறுமையை மிச்சமில்லாமல் தின்று தீர்த்தவர் ஒரே ஒருவர்தான். பொட்டி அண்ணே.

எங்கள் ஆய்வுக்குழுவின் லேசர் பெட்டியைப் பராமரிப்பது அவர் வேலை. விமானத்தில் ஏற்றிவிட்டால் அந்தப் பெட்டி வெளிக்காற்றைக் குழாய் வழியாக உறிஞ்சி, அதன்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு புகைத்துகள், என்னென்ன வாயு என்று சொல்லிவிடும். அண்ணே முன்பு ரப்பர் தோட்டத்து ஆலையில் மெக்கானிக். பெட்டிக்கு அருகே யாரும் பவுடர் பூசி வரக்கூடாது, செண்டு கூடாது. விமானியையே ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகம் கழுவி வரச் சொன்னார். நான் தலைக்கு எண்ணெய் வைத்துப் போன அன்று, பத்தடி தள்ளி நின்று சைகையிலேயே பேசினார்.

புகைமூட்டம் ஈப்போவின் குன்றுகளை மறைத்திருந்த வாரம் அது. அந்த வாரத்தில் விமானம் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலைப்பொழுது. அதில் முதல்முறையாக நானே ஏறி அளந்தால்தான் என் ஆய்வேடு முடியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். காம்பாரில் லாரி ஓட்டும் அப்பா, மகள் ஆகாயத்தை அளக்கப் போகிறாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கிளம்பும் நேரத்தில் பெட்டியை முடுக்கினேன். துகள் கணக்கு எகிறிக்கொண்டே போனது. காடே பற்றி எரிந்தாலும் அவ்வளவு வராது. கண்ணாடியைத் துடைத்தேன், குழாயை மாற்றினேன். இறங்கவில்லை. பெட்டி கெட்டுவிட்டது, பயணத்தை ரத்து செய்யலாம் என்றார் குழுத் தலைவர்.

அப்போதுதான் வாசனை வந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரத்தடியில் ஒரு எலுமிச்சம்பழம். காற்றுக்குழாயின் வாய்க்கு நேர் கீழே, வாழைப்பழத்தில் குத்திய ஆறு ஊதுபத்திகள். பக்கத்தில் கண்மூடிக் கும்பிட்டபடி பொட்டி அண்ணே.

"என்னண்ணே இது? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"புதுசா காடி எடுத்தாலே சக்கரத்தடியில எலுமிச்சை வைக்கிறோம். இது மேல போவுது லா."

"இத்தன நாளா வைக்கலயே!"

"இத்தன நாளா நீ ஏறலயே, தங்கச்சி."

புகை ஏறிக்கொண்டிருந்த குழாயின் வாயைக் கைகாட்டினேன். அவரே பத்திகளை அணைத்தார். தலைவரிடம் போய், பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை, தப்பு தன்னுடையது என்று சொல்லி, முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் விமானத்திடலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. கணக்கு மெல்ல இறங்கியது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு விமானம் நகர்ந்தபோது, வேலிக்கு வெளியே நின்று கையாட்டினார்.

அன்றைய வரைபடத்தின் தொடக்கத்தில், ஊதுபத்திப் புகையால் ஒரு கோடு பனைமரம் மாதிரி நிற்கிறது. ஆய்வேட்டிலிருந்து அதை நீக்கிவிட்டேன். என் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பிரதியிலிருந்து நீக்கவில்லை.