பங்கேற்பாளர் நான்கு சொன்னதை நான் சொல்ல முடியாது

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமா என்று கேட்க மாட்டேன். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வி ஆய்வுக்கு ஆகாது என்கிறார் பேராசிரியை. ஆகவே: எப்படி இருக்கிறாய்? விரிவாகச் சொல்.

இந்தப் பருவம் எனக்கு உளவியலில் பண்புசார் ஆய்வு. எண்ணிக்கை கிடையாது. ஒருவரைப் பேசவிட்டு, பேசியதை அப்படியே எழுதி, அதில் அவர் வாழ்க்கையைத் தேடவேண்டும். என் தலைப்பு பணி ஓய்வு. முதல் ஆள் மாடிவீட்டு முன்னாள் தபால்காரர். இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தார், நான் பதிவுக் கருவியைப் போட மறந்திருந்தேன். இரண்டாமவருக்குப் பதில் அவர் மனைவியே எல்லாம் சொன்னார். மூன்றாமவர் என்னையே நேர்காணல் செய்து, கல்யாணம் எப்போது என்பதில் வந்து நின்றார். கடைசியில் அப்பாவைப் பிடித்தேன். முப்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்தவர், ஒப்புதல் படிவத்தை நாற்பது நிமிஷம் படித்தார்.

"வீட்டுக்குள்ள பேசறதுக்கு எதுக்கும்மா கையெழுத்து?"

"நீங்க சொல்றது வெளிய போகாதுப்பா."

"உங்கம்மாகிட்டயும்?"

"அம்மாகிட்டயும்."

உடனே போட்டார்.

"இப்பல்லாம் ஒரு நாள் எப்படிப்பா போகுது?" என்று கேட்டேன். மௌனம். ஆள் மௌனமானால் ஆய்வாளர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த வீட்டில் நான் கடைப்பிடித்த முதல் விதி. மின்விசிறி சுற்றியது. நாற்பத்தேழு விநாடி. பிறகு பேசினார்.

என்ன பேசினார் என்று சொல்ல முடியாது. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தவள் நான். அவர் இனி பங்கேற்பாளர் நான்கு. நீ வங்கி வேலையை விட்டு சைக்கிள் கடை வைத்ததிலிருந்து உன்னோடு பேசாதவர் அப்பா; பங்கேற்பாளர் நான்கைப் பற்றி எனக்கு அப்படி ஒன்றும் தெரியாது. அவர் பேச்சில் ஒரு சைக்கிள் கடை வந்தது உண்மை. உலகத்தில் சைக்கிள் கடைகள் பல. அந்த வரிகளின் ஓரத்தில் 'கோபம்' என்று குறித்தேன், அடித்தேன். 'ஏக்கம்' என்று குறித்தேன். அதையும் அடித்தேன். இரண்டு வருஷமாக நானும் அம்மாவும் அவர் மனத்தை அவருக்குப் பதிலாகப் பேசியிருக்கிறோம், அக்கா. ஒருமுறையும் அவரைக் கேட்கவில்லை.

எழுதியதை அவரிடமே காட்டிச் சரிபார்க்கவேண்டும். கொடுத்து மூன்று நாள். இப்போது கூடத்தில் கண்ணாடியோடு மறுபடி படிக்கிறார். வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். திங்களன்று பேராசிரியை முன்னால் வெறுங்கையோடு நிற்பேன். அதுகூடப் பரவாயில்லை, உன் காதில் விழவேண்டியது ஒன்று விழாமலே போய்விடும்.

அம்மாவின் ஆசிகள். பங்கேற்பாளர் நான்கின் ஆசியை ஊகிப்பது முறையல்ல.

உன் தங்கை

பி.கு.: பங்கேற்பாளர் நான்கு விலகிவிட்டார். பதிவை அழித்தேன். தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது அப்பா பின்னால் நின்று இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்திருக்கிறார். "ஏம்மா இப்படிச் சுத்தி வளைக்கிற? ஞாயித்துக்கிழமை அவ கடைக்கு வரேன்னு நேரா எழுது. கழட்டி மாட்டுற வேலை ஏதாவது இருந்தா எடுத்து வைக்கச் சொல்லு. எப்படிச் செய்யணும்னு மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்."