மீன் தொட்டிக்கு வெளிச்சம் குடுத்த வைபவம்

என்ன, எல்லாரும் இப்பவே வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க? நான் பெரிய கிளாக்கர் மாதிரி மூக்கால பேசணும், கண்டாக்கு ஐயா மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நடக்கணும், நீங்க விழுந்து சிரிக்கணும். அதுக்குத்தானே வந்தீங்க? நடக்காது. இன்னைக்கு விஞ்ஞானம். கண்ணாடித் தொட்டித் தண்ணிக்குள்ள செடி வளக்க எந்த வெளிச்சம் சரியான வெளிச்சம்ங்கிற விசயம். சிரிக்கிறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்.

இலங்கை மலைநாட்டுல, பூண்டுலோயாப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டம். பேரு கேக்காதீங்க, எனக்கு வேலை முக்கியம். சுதந்திரம் கெடைச்சுப் பத்து வருசம் இருக்கும். கொழும்புல பெரிய எடத்துப் பொம்பளைங்க எல்லாம் ஹால்ல மீன் தொட்டி வைக்கிற காலம். சும்மா மீனை மட்டும் விட்டா அது மட்டமாம். தண்ணிக்குள்ள செடியை நட்டு, அதுக்கு நடுவுல மீன் ஒளிஞ்சு வெளையாடணுமாம். நம்ம தோட்டத்துத் தொரையோட சம்சாரம், தொரைசாணியும் ஒண்ணு வாங்கியாந்து பங்களா ஹால் மூலையில வச்சாங்க. அது பட்டப்பகல்லயே தடவித் தடவி நடக்கிற மூலை. செடி பழுத்து, கூழாப்போயி, எலை எலையாக் கழண்டு மேல மிதந்துச்சு.

அந்த நேரம் பாத்து, கொழும்புலருந்து கம்பெனிப் பெரிய தொரையும் அவரு சம்சாரமும் வர்றாங்கன்னு சேதி. நம்ம தொரை, ஆபீஸ் பெரிய கிளாக்கர் முத்துலிங்கத்தைக் கூப்பிட்டு, "செடி சாகக் கூடாது. வெளிச்சம் குடு" ன்னுட்டாரு.

கிளாக்கர் உடனே ஆபீஸ்ல சபையைக் கூட்டுனாரு. மலையில வேலை வாங்குற கண்டாக்கு சிவசாமியும், பேக்டரியில கொழுந்தை வாட்டி அரைச்சுத் தூளாக்குற டீமேக்கர் அழகையாவும் வந்தாங்க.

"பெரியோர்களே! மேற்படி தொட்டியில் வசிக்கும் தாவரங்களின் தேக அசௌக்கியம் சம்பந்தமாக..."

"செடி சாகுதுங்கிறீங்களா?" ன்னாரு கண்டாக்கு.

"அதைத்தானய்யா ஆபீஸ் முறைப்படி சொல்லிக்கிட்டிருக்கேன்!"

டீமேக்கர் தொட்டியைப் போயிப் பாத்தாரு. மெதந்த எலையை விரலால நசுக்கி மோந்தாரு. மொகம் மலந்து போச்சு. "வாட்டம் ரொம்ப நல்லா வந்திருக்கு. இனி அரைக்க வேண்டியதுதான்."

கண்டாக்கு விடலை. "வெளிச்சம் பத்தலைன்னா நெழல் மரத்தை வெட்டணும். அதுதான் தேயிலைச் சட்டம். ஹாலுக்கு நெழல் மரம் எது?"

"கூரை" ன்னாரு கிளாக்கர்.

"அப்ப கூரையை வெட்டுங்க."

"தொரை எங்கய்யா படுப்பாரு?"

"அதை நீங்கதான் யோசிக்கணும். நான் வெளிவேலைக்காரன்."

கடைசியில பல்பு போடுறதுன்னு முடிவாச்சு. ஸ்டோர்ல பல்பு இல்ல. தோட்டத்துல கையெட்டுற தூரத்துல இருந்த ஒரே பல்பு பிள்ளைக்காம்பராவுல எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. ஆமா, கொழுந்தெடுக்கப் போற தாய்மாரு விடியக்காலையில புள்ளைங்களை விட்டுட்டுப் போற அந்தக் காம்பராதான். அங்க புள்ளைங்களைப் பாத்துக்கிறது ராக்காயி. மழை மாசத்துல அங்க எது புள்ளை, எது தலகாணின்னு தெரியாது. வீரம்மா ஒரு நாளு அன்னம்மா புள்ளையைத் தூக்கிட்டுப் போயி, குளிப்பாட்டுறப்பதான் அது பையன்னு கண்டுபிடிச்சா. அவளுக்குப் பொறந்தது பொண்ணு. அதுக்கப்புறம் ராக்காயி ஆபீஸ் வாசல்ல நின்னு நின்னு, காலு வீங்கி வாங்குன பல்பு அது.

கழட்ட வந்த அன்னைக்கு அவ பல்புக்குக் கீழ கையை விரிச்சுக்கிட்டு நின்னா. "ஐயா, முப்பது புள்ளைங்க சாமி! இருட்டுல பாலுன்னு நெனைச்சு மருந்துத் தண்ணியை ஊத்திட்டா?"

கிளாக்கர் அன்பாத்தான் சொன்னாரு: "இந்தா பாரு ராக்காயி, புள்ளைங்க வயித்துக்குள்ள இருட்டுலயே இருந்து பழகி வந்ததுங்க. செடிக்கு அந்த அனுபவம் கெடையாது."

பல்பு பங்களாவுக்குப் போச்சு. வயரு மூலைக்கு எட்டலை. வயரை நீட்டணும்னா கொழும்புக்கு எழுதணும். அதனால தொட்டியை நகத்தி ஜன்னலோரமா வச்சாங்க. மேல தகரத்துல ஒரு மூடி. "உத்தரவின்றித் திறப்பது குற்றம்" னு அதுல ஒரு போர்டு. எத்தனை மணி நேரம் வெளிச்சம் குடுக்கிறதுன்னு அடுத்த தர்க்கம். கிளாக்கர் தீத்து வச்சாரு: "தோட்டத்துல இருக்கிற செடி தோட்ட நேரப்படிதான் வேலை செய்யணும். காலையில ஆளு பெரட்டுக்குக் கூடுறப்பப் பல்பைப் போடு, சாயந்தரம் மலையிலருந்து ஆளு எறங்குறப்ப நிப்பாட்டு."

ஆக, வெயில் அடிக்கிற நேரத்துல பல்பு எரியும், இருட்டுனா அதுக்கு லீவு.

செடி தழைச்சிருச்சு! பச்சைப் பசேல்னு புதுக் குருத்து. "பல்பு மகிமை" ன்னாரு கிளாக்கர். கொஞ்ச நாளையில தண்ணியும் பச்சையாச்சு, கண்ணாடியில பாசி வழவழன்னு ஏறுச்சு. கண்டாக்குக்கு ஒரே சந்தோசம். "வெளிச்சம் ஜாஸ்தி! இப்ப நெழல் வேணும்!" பங்களாத் தோட்டக்காரன் அழகன் ஒரு கெளையை வெட்டியாந்து ஜன்னலுக்கு வெளிய கட்டுனான். தண்ணி தெளிஞ்சுச்சு. பல்புக்கு மறுபடியும் பாராட்டு.

இதுக்கெடையில ராக்காயி தெனமும் ஆபீஸ் வாசலுக்கு வந்து பல்பைக் கேட்டுக்கிட்டிருந்தவ, திடீர்னு வர்றதை நிப்பாட்டிட்டா. வழியில கிளாக்கரைப் பாத்தாக்கூட ஒரு கும்புடு, ஒரு சிரிப்பு.

"பாத்தீங்களா, இருட்டுக்குப் பழகிட்டா" ன்னாரு கிளாக்கர். "பக்குவமா எடுத்துச் சொன்னா நம்ம சனங்க புரிஞ்சுக்குவாங்க."

பெரிய தொரை சம்சாரத்தோட வந்து எறங்குனாரு. ஹால்ல எல்லாரும் வரிசையா நின்னாங்க. ஜன்னலுக்கு வெளிய அழகனும் கொழுந்துக்காரப் பொம்பளைங்களும் எட்டிப் பாத்தாங்க, ராக்காயியும் நின்னா. தொட்டி ஜொலிக்குது. மீன் செடிக்குள்ள பூந்து பூந்து வருது. பெரிய தொரைசாணி தகர மூடி மேல கையை வச்சாங்க. கையை எடுக்கலை.

"எங்க வீட்டுப் பல்பு சூட்டுல மீனே வெந்துபோச்சு! இது குளுந்து கெடக்கே, என்ன பல்பு?"

கிளாக்கர் நெஞ்சை நிமித்துனாரு. "பிள்ளைக்காம்பராப் பல்பு, மேடம். பச்சைப் புள்ளைங்க பக்கத்துலயே இருந்து இருந்து, சூடு தணிஞ்ச வெளிச்சம்."

டீமேக்கர் தலையாட்டுனாரு. கண்டாக்கு, "சட்டப்படி நெழலும் சேத்திருக்கோம்" ன்னாரு. பெரிய தொரைக்குப் புல்லரிச்சுப் போச்சு. அங்கயே நின்னு இங்கிலீசுல ஒரு உத்தரவு. கிளாக்கர் அதை ஜன்னலுக்கு வெளிய நிக்கிற சனத்துக்கும் கேக்கிற மாதிரி தமிழ்ல முழங்குனாரு:

"இதனால் சகலருக்கும் அறியத் தருவது! கம்பெனிக்குச் சொந்தமான எல்லாத் தோட்டத்திலும் பிள்ளைக்காம்பராப் பல்புகள் உடனே கழற்றப்பட்டு, பங்களா மீன் தொட்டிகளுக்கு மாற்றப்படும்!"

அழகன் வாயைத் தொறக்கப் போனான். ராக்காயி அழகனைப் பாத்து உதட்டைக் கடிச்சா, தலையை ஆட்டுனா, சேலையைப் புடிச்சுக்கூட இழுத்தா. அவனா கேப்பான்?

"ஐயையோ, தொரை, அநியாயமா மத்த தோட்டத்துப் பல்பையெல்லாம் கழட்டிராதீங்க! அந்தத் தகரத்துக்குள்ள பல்பே இல்லீங்க! ஜன்னல் வெயில்லதாங்க செடி வளருது! பல்பை நான்தாங்க கெளை கட்டுன அன்னைக்கே கழட்டி ராக்காயிக்கா கையில குடுத்தேன்! இந்தா, இப்பக்கூட பிள்ளைக்காம்பராவுல எரிஞ்சுக்கிட்டிருக்குங்க!"